பீடத்திலிருந்து இறக்கிய முறம்

"அக்டோபர், கடைசி ஞாயிறு. காலையில் தூறல், பிறகு வெயில். அறுப்பின் பண்டிகை. வேர்க்கடலை ஒரு முறம் காணிக்கையாக வந்தது. ஆராதனை தொடங்குவதற்கு முன்பே பீடத்தின் முன்னிருந்து அகற்றப்பட்டது. காரணம்: திருட்டுப் பொருள் என்று புகார். புகார் பொய்."

சென்ற ஆண்டு என் நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன். நாட்குறிப்பில் கண்டதை மட்டும் எழுதுவேன், கருத்து எழுதமாட்டேன். பல வருடங்களாக அதை ஒரு விதியாகவே வைத்திருந்தேன். மழை பெய்தது என்று எழுதுவேன், நல்ல மழை என்று எழுதமாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் விதி உடைந்தது. கடைசி இரண்டு சொற்களை எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. கிழிசல் இன்னும் இருக்கிறது.

நான் இருப்பது ஊரப்பாக்கத்தில். பிறந்ததும் ஞானஸ்நானம் பெற்றதும் செய்யூர் தாலுகாவில் ஒரு சிறிய ஊரில். அங்கே உள்ள எங்கள் சபையின் வரலாற்றை எழுதும் வேலையை, யாரும் கேட்காமலே, ஓய்வுபெற்ற பிறகு எடுத்துக்கொண்டேன். எந்த வருடம் மணி வந்தது, எந்தப் புயலில் ஓடு பறந்தது, எந்த ஆயர் எப்போது மாற்றலானார் என்பதையெல்லாம் தேடிச் சேர்ப்பது என் பழக்கம். ஆகவே எங்கள் சபையின் வழக்கங்களில் எனக்குத் தெரியாதது குறைவு. இங்கே சொல்லப்போகும் வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வரலாறு எழுதுபவன் தேவையில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் முன்னோர் நிலம் இல்லாதவர்கள். ஊராரின் வயலில் நட்டு, ஊராரின் கொல்லையில் களை பறித்து, கூலிக்கு அறுத்தவர்கள். அறுப்பின் பண்டிகை என்று ஒன்று வந்தபோது, கடவுளுக்குப் படைக்க அவர்களிடம் சொந்த விளைச்சல் இல்லை. பக்கத்து ஊர்ச் சபைகளில் நெல் மூட்டையும் வாழைத்தாரும் வந்து இறங்கிய நாளில், எங்கள் ஆட்கள் வேர்க்கடலைக் கொல்லைக்குப் போனார்கள். செடியைப் பிடுங்கும்போது காம்பு அறுந்து சில காய்கள் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் அதைத் தப்புக்காய் என்பார்கள். அறுவடை முடிந்து, முதல் மழையில் மண் இளகியதும், களைக்கொத்தால் கிளறி அதைப் பொறுக்கலாம். நிலத்துக்காரர்கள் தடுப்பதில்லை. அப்படிப் பொறுக்கியதில் ஒரு முறம் கொண்டுவந்து பீடத்தின் முன் வைத்தார்கள். எங்கள் சபையின் முதற்பலன் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. பண்டிகையில் மற்றக் காணிக்கைகளெல்லாம் ஏலத்துக்குப் போகும். பூசணிக்காய், சேவல், கேக், எல்லாவற்றுக்கும் கூச்சலும் போட்டியுமாக ஏலம் நடக்கும். தப்புக்காய் மட்டும் ஏலத்துக்குப் போகாது. மண் சும்மா விட்டுக்கொடுத்ததை யாரும் விலைக்கு வாங்கக்கூடாது என்று அந்தக் காலத்துப் பெண்கள் பிடித்த பிடிவாதம். ஆராதனை முடிந்ததும் முறம் நேராகச் சமையல் கொட்டகைக்குப் போகும். உப்புப் போட்டு அவித்து, பந்தியில் ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் ஒரு கைப்பிடி வைப்பார்கள். இப்போது எங்கள் ஆட்களில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை கிடைத்து, அணுபுரம் குடியிருப்பில் இருந்துகொண்டு மாமல்லபுரம் சாலையில் கார் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். இலை ஓரத்தில் காய் வைப்பது மட்டும் இன்றுவரை நிற்கவில்லை.

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், அப்படி அணுபுரத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். ஊரின் கிழக்கே சவுக்குத் தோப்பை ஒட்டி நிலம் வாங்கினார். எங்கள் ஆட்களில் ஒருவர் அந்தப் பக்கத்தில் நிலம் வாங்கியது அதுதான் முதல் தடவை. பத்திரப் பதிவுக்கு நானும் போயிருந்தேன். சந்தோஷப்பட்டேன், அதை மறுக்கமாட்டேன். அவர் சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். வேர்க்கடலை போட்டார். சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார். முந்தின வருடம் மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியை யாரோ அறுத்துக்கொண்டு போனதால், மோட்டார் கொட்டகைமேல் கேமரா வைத்தார். அதுவரையிலும் எதையும் குறை சொல்வதற்கில்லை. அறுவடை முடிந்ததும் கேட்டைப் பூட்டி, தப்புக்காய் பொறுக்க யாரும் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். குறை அங்கே தொடங்குகிறது.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, சபையின் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கேமராவில் பதிந்த ஒரு படம் வந்தது. மழையில் கறுத்த மண்ணில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். முகம் பாதி தெரிகிறது. கையில் களைக்கொத்து, பக்கத்தில் ஒரு மஞ்சப் பை. படத்தின் கீழே மச்சான் எழுதியிருந்தார்: நாளைய பண்டிகைக்குக் காணிக்கை தயாராகிறது, யாருடைய நிலத்திலிருந்து என்பதைச் சபையார் கவனிக்கவும். அதற்குக் கீழே கைகூப்பிய படங்களைச் சிலர் வரிசையாகப் போட்டிருந்தார்கள். எதற்காகக் கும்பிட்டார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். எனக்குத் தூரத்துத் தங்கை முறை. கணவர் இல்லை. மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் வேலை. ஒரே மகள். அந்த மகளுக்குக் கல்யாணமாகி, பிள்ளை உண்டாகி, இரண்டு முறை தங்காமல் போய், மூன்றாவது முறை மாதம் நிறைந்திருந்தது. மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனால் ஒரு முறம் தப்புக்காய் பீடத்தில் வைக்கிறேன் என்று பொருத்தனை செய்திருந்தாள். பிரசவம் முடியும்வரை காத்திருந்தால் பண்டிகை போய்விடும், மண்ணில் காயும் முளைத்துவிடும். ஆகவே வேலிக் கம்பியை விலக்கி நுழைந்து பொறுக்கி, முன்கூட்டியே செலுத்த வந்தாள். தன் சம்பளத்தில் நல்ல காயாக வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று பிற்பாடு சிலர் கேட்டார்கள். அவளுடைய அம்மா, இவள் பிறந்தபோது, இப்படித்தான் பொறுக்கிக் கொடுத்தாள். கடையில் வாங்கியது பொருத்தனையில் சேராது என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

ஞாயிறு காலை அவள் முறத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்து வைத்தாள். மண் போகக் கழுவி, ஈரம் போக உலர்த்திய காய். மேலே ஒரு கொத்துச் செம்பருத்தி. மச்சான் அதைப் பார்த்துவிட்டு ஆயரின் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

ஆயர் இளைஞர். தெற்கு மாவட்டத்திலிருந்து ஜூனில்தான் மாற்றலாகி வந்தவர். இது அவருக்கு எங்கள் ஊரில் முதல் அறுப்பின் பண்டிகை. மச்சான் அவரிடம் ஏசாயாவின் புத்தகத்தில் ஒரு வசனத்தை எடுத்துக் காட்டினார். கொள்ளையிட்ட பொருளால் வரும் பலியைக் கர்த்தர் வெறுக்கிறார் என்ற வசனம். படமும் இருக்கிறது, வசனமும் இருக்கிறது, இதற்குமேல் என்ன வேண்டும் என்றார். அதே வசனத்தின் முதல் பாதியில் கர்த்தர் நியாயத்தை விரும்புகிறவர் என்று இருப்பதை நான் சொன்னேன். முதல் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆயர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்போதைக்கு எடுத்து உள்ள வச்சிருவோம் ஐயா. ஆராதனை முடிஞ்சு நிதானமாப் பேசிக்கலாம்."

கோயில் பணியாளர் போய் முறத்தைத் தூக்கினார். கோயில் நிறைய ஆட்கள். எல்லாரும் முந்தின நாள் படத்தைப் பார்த்தவர்கள். அந்தப் பெண் மூன்றாவது வரிசையில் எழுந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"எடுக்கறதுன்னா எடுத்துக்கோங்க. வேண்டிக்கினது எனக்கு இல்ல. என் பொண்ணுக்கு. அத மட்டும் பாத்துக்கோங்க."

யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. கமிட்டியிடமா, பீடத்திடமா? சேலை முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு வெளியே போனாள். மகள் முந்தின நாள் இரவே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தாள். இவள் பண்டிகைக்காக மட்டும் வந்து, உடனே திரும்ப இருந்தவள். பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

அன்றைய பிரசங்கம் ஆகாயத்துப் பறவைகளைப் பற்றி. அவை விதைப்பதில்லை, அறுப்பதில்லை, ஆனாலும் பரமபிதா அவற்றைப் போஷிக்கிறார். நல்ல பிரசங்கம்தான். நான் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பறவைகளைப் போஷிக்கிறவர், மனிதர்களை எப்படிப் போஷிக்கச் சொன்னார் என்பது அதே வேதத்தில் எழுதியிருக்கிறதே. லேவியராகமத்தில் இருக்கிறது: வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. உபாகமத்தில் இருக்கிறது: ஒரு கட்டை மறந்து வந்துவிட்டால், எடுக்கத் திரும்பிப் போகாதே. இதில் கெஞ்சலோ யோசனையோ இல்லை. கட்டளை. வயலின் சொந்தக்காரனுக்கு அது தீர்ப்பு, விதவைக்கு அது இரக்கம். ஒரே வரி, ஒரே மூச்சு. நியாயத்தீர்ப்பு வேறு, இரக்கம் வேறு என்று இரண்டு ஞாயிறுகளில் இரண்டு பிரசங்கமாகப் பிரித்துச் சொல்கிறவர்கள் அந்த வரியைப் படித்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

அந்த வரிக்குக் காரணமும் அங்கேயே இருக்கிறது. நீ எகிப்திலே அடிமையாயிருந்தாய், அதை நினைத்துக்கொள். வாங்கின நிலத்தின் முதல் அறுவடையிலேயே அதை மறந்தவர்களுக்கு எழுதினது போல இருக்கிறது.

ரூத் மோவாப் தேசத்துக்காரி. அந்நிய ஊர், அந்நிய வயல். அவள் பொறுக்க வந்தபோது போவாஸ் அவளைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டவில்லை. வேலைக்காரர்களைத் தனியே கூப்பிட்டு, வேண்டுமென்றே கொஞ்சம் சிந்திவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று சொன்னார். இயேசுவின் சீஷர்கள் ஓய்வுநாளில் அயலான் பயிரில் கதிரைக் கொய்து தின்றார்கள். குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே பின்னால் வந்த பரிசேயர்கள்கூட, ஓய்வுநாளை மீறினார்கள் என்றுதான் சொன்னார்கள். திருடினார்கள் என்று சொல்லவில்லை. பரிசேயருக்கு வராத யோசனை எங்கள் கமிட்டிக்கு வந்தது.

ஆராதனை முடிந்ததும் பந்தலின் கீழ் மச்சானைப் பிடித்துக்கொண்டேன். வசனங்களை வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார் என்பதையும் எழுத வேண்டும். கடைசியில் அவர் கண் சிவந்துவிட்டது.

"மச்சான், ஊரப்பாக்கத்துல ஒக்காந்துகினு எழுதறதுக்கு இதெல்லாம் நல்லாத்தான் கீது. எங்கம்மா அடுத்தவன் கொல்லையில குனிஞ்சி குனிஞ்சி, கடசில முதுகு நிமிராமலே செத்துப் போனா. சவப்பொட்டியில நேராப் படுக்க வக்கிறதுக்குள்ள நாங்க பட்ட பாடு நீயும் பாத்த. என் நெலத்துல ஒருத்தியும் அப்பிடிக் குனியக் கூடாது. அவ்ளோதான்."

அந்த அம்மாளின் அடக்க ஆராதனை எனக்கு நினைவிருக்கிறது. அவர் சொன்னதில் பொய் இல்லை. பொறுக்கித் தின்ற காலம் முடிந்தது என்று உலகத்துக்குச் சொல்லத்தான் அவர் வேலி போட்டார். அந்த வேலி எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருவருடைய வெட்கத்துக்கு இன்னொருத்தி விலை கொடுப்பது என்ன நியாயம்?

"குனியக் கூடாதுன்னா நீ மூட்டையில கட்டி அவ வூட்ல எறக்கியிருக்கணும். போட்டோ எடுத்துப் போட்டியே, அதுவா நிமித்தி விடறது?" என்றேன்.

"கேட்டுட்டு வந்திருக்கலாம் இல்ல?"

"யாரும் வரக் கூடாதுன்னு சொல்லி அனுப்பிட்டு, கேட்டுட்டு வரணுமா?"

அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவரை முதல் வரிசையில், ஆயருக்குப் பக்கத்தில், வெளியூர் விருந்தாளிகளோடு உட்கார வைத்தார்கள். நான் கோபத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

இலை போட்டார்கள். உப்பு வைத்தார்கள். பிறகு ஒரு இளம்பெண் கூடையோடு வந்து, என் இலை ஓரத்தில் ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலை வைத்துவிட்டு நகர்ந்தாள். ஒன்றை உரித்து வாயில் போட்டேன், சூடாக இருந்தது. ஓட்டின் வரிப்பள்ளங்களில் இன்னும் கொஞ்சம் கறுப்பு மண்.

எழுந்து சமையல் கொட்டகைக்குப் போனேன். அண்டாவுக்குப் பக்கத்தில் காலி முறம் சாய்த்து வைத்திருந்தது. செம்பருத்தி கீழே கிடந்தது. நடந்தது இவ்வளவுதான். ஆயர் உள்ளே வைக்கச் சொன்னார். உள் அறையில் வாழைத்தார்களும் பூசணிக்காய்களும் நிரம்பிக் கிடந்ததால், கோயில் பணியாளர் முறத்தைச் சமையல் கொட்டகையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். சமையல் பெண்கள் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் இருந்தவர்கள். கோயிலுக்குள் நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. முறத்தில் தப்புக்காய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

பொறுப்பாக நின்ற அம்மாளிடம் இந்தக் காயை ஏன் அவித்தீர்கள் என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தப்புக்காய அவிக்காம பின்ன பிரியாணியிலயா போடுவாங்க? போய் ஒக்காருண்ணா, எல ஆறுது."

பந்தலுக்குத் திரும்பினேன். சபை முழுவதும் தின்றுகொண்டிருந்தது. கைகூப்பிய படம் போட்டவர்கள் தின்றார்கள். வங்கிக்காரர் தின்றார். வெளியூர் விருந்தாளி ஒருவர் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார். பீடத்தில் வேண்டாம் என்று இறக்கியதை, ஒவ்வொரு இலையிலும் ஏற்றி வைத்தாகிவிட்டது. இதைத் தற்செயல் என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் என் கோபம் அதனால் தணிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவமானப்பட்டவள் அங்கே இல்லை. அவளுடைய காய் மட்டும் இருந்தது. ஒரு பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு அவள் கொண்டுவந்ததை உட்கார்ந்து தின்பதற்கு என்ன பெயர் வைப்பது?

முதல் வரிசையை எட்டிப் பார்த்தேன். மச்சான் இலையிலும் காய் இருந்தது. சாம்பார் வாளியோடு ஒருவர் குறுக்கே வந்தார். அவர் நகர்ந்தபோது ஆயர் எழுந்துகொண்டிருந்தார், அவரோடு வரிசை முழுவதும் எழுந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் இலைகளை மடித்துவிட்டார்கள்.

அன்று மாலை செங்கல்பட்டுக்குப் போனேன். பிரசவ வார்டுக்கு வெளியே ஆண்களை நிற்க வைக்கும் இடத்தில், மாமல்லபுரத்தில் ஆட்டோ ஓட்டும் மருமகன் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வெளியே வந்தாள். மகளுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை என்றும், ரத்த அழுத்தம் கூடியிருப்பதாக டாக்டர் சொன்னார் என்றும் சொன்னாள். பொருத்தனை தள்ளப்பட்டதால்தான் இப்படி என்று அவள் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. பண்ணின பொருத்தனையைச் செலுத்தாமல் விடாதே என்று பிரசங்கியின் புத்தகம் எச்சரிக்கிறது. அந்த வசனத்தை அவளுக்கு எல்லாரும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வயலின் ஓரத்தைப் பற்றிய வசனத்தை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் சபைகளில் ஏழைகளுக்குப் பயமுறுத்தும் வசனங்களும் வசதியானவர்களுக்கு வாக்குத்தத்தங்களும் போய்ச் சேருவது எப்படி என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தபால்காரர் யார் என்றுதான் தெரியவில்லை.

நடந்ததைச் சொன்னேன். முறம் சமையல் கொட்டகைக்குப் போனது, அவித்தது, எல்லார் இலையிலும் வைத்தது, எல்லாவற்றையும். அவள் உடனே நம்பவில்லை. இரண்டு முறை கேட்டாள். பிறகு கேட்டாள்:

"உப்பு சரியா போட்டாங்களா?"

சரியாக இருந்தது என்றேன். கொஞ்சம் சிரித்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"அவரு துன்னாராண்ணா?"

எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள்.

"அவரு நெலத்துக் காய். அவருதான் திருட்டுன்னாரு. அவரு ஒரே ஒரு காய உரிச்சி வாயில போட்டிருந்தாலும் போதும். திருட்டு இல்லன்னு ஆயிடும். எம் பொருத்தன தீந்துடும்."

நான் வேதத்தை எல்லாம் எடுத்துச் சொன்னேன். பீடத்தை விட்டு இறக்கினதைக் கர்த்தரே பந்தியில் ஏற்றுக்கொண்டார் என்றேன். ஏழை விதவையின் காசை யாருடைய சிபாரிசும் கேட்காமல் இயேசு பெரிதாக எண்ணினார் என்றேன். பசியாயிருந்தேன், எனக்குக் கொடுத்தாயா என்பதுதான் கடைசி நாளின் கேள்வி, யாருடைய கொல்லையில் விளைந்தது என்று அங்கே கேட்கப்போவதில்லை என்றேன். அவள் தலையாட்டிக் கேட்டாள். ஒரு மனிதரின் வாயில் போய்க் கர்த்தருடைய இரக்கத்தைத் தொங்கவிடுகிறாயே என்று கோபித்துக்கொண்டேன். அந்தக் கோபம் அவள்மேல் அல்ல. ஊர் அறிய அவளைத் திருடி என்று சொன்னவரே ஊர் அறிய இல்லை என்று சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டதில் என்ன தப்பு? அவள் கேட்டதும் நியாயத்தைத்தான். அவளுக்குத் தெரிந்த வார்த்தையில் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நாட்குறிப்பில் அதை எழுதினேன், அன்றும் விதியை மீறி ஒரு ஸ்தோத்திரம் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு விசாரிக்கத் தொடங்கினேன். கூடையோடு வந்த இளம்பெண்ணைக் கேட்டேன். வைத்தேன், தின்றதைப் பார்க்கவில்லை என்றாள். ஆயரைக் கேட்டேன். அதற்குள் அவருக்கு வழக்கம் என்னவென்று தெரிந்திருந்தது. முறத்தை இறக்கச் சொன்னதற்காக அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய் ஜெபம் செய்து வந்திருந்தார். தன் இலைக்கும் மச்சான் இலைக்கும் நடுவில் கடலைத் தோல் கிடந்தது என்றார். அது தான் உரித்ததாகவும் இருக்கலாம், மச்சான் உரித்ததாகவும் இருக்கலாம், சத்தியமாகச் சொல்ல முடியாது என்றார். இலை எடுத்துப் போட்டவரை விசாரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மச்சானையே கேட்டேன். வீட்டுக்குப் போய், தங்கை கணவன் என்ற உரிமையில் நேராகக் கேட்டேன்.

"நான் இன்னா துன்னேன்னு எழுதறதுதான் சபை வரலாறா?" என்றார்.

"ஆமா."

"அப்ப எழுதிக்கோ. சாம்பார்ல உப்பு கம்மி."

என் மனைவியின் அண்ணி உள்ளே சிரித்த சத்தம் கேட்டது. நான் சிரிக்கவில்லை. தின்றேன் என்றோ தின்னவில்லை என்றோ சொல்ல அவரால் முடியவில்லை. தின்றேன் என்றால் படம் பொய்யாகிவிடும். தின்னவில்லை என்றால் சபையின் பந்தியில் தனியாளாகிவிடுவார். படத்தைக் குழுவிலிருந்து அவர் எடுக்கவும் இல்லை. கமிட்டிக்குக் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கவும் இல்லை, விசாரிக்கும்படி வற்புறுத்தவும் இல்லை. அது அப்படியே கிடக்கிறது.

அன்று திரும்பும் வழியில் அவருடைய நிலத்தைப் பார்த்தேன். பண்டிகைக்குப் பிறகு நல்ல மழை. பூட்டிய கேட்டுக்குப் பின்னால் நிலம் முழுக்க முளைத்திருந்தது. யாரும் பொறுக்காத காய்களெல்லாம் வரிசை இல்லாமல், கொத்துக் கொத்தாக, இரண்டிரண்டு இலையாக எழும்பி நின்றன. தூரத்தில் இருந்து பார்த்தால் வேண்டுமென்றே விதைத்தது போல ஒரு பச்சை. அடுத்த உழவில் எல்லாம் மண்ணோடு போகும். யாருக்கும் உதவாது. வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளைக்கு என்று சேர்த்து வைத்தவர்களுக்கு அது புழுத்து நாறிப்போனது என்று யாத்திராகமம் சொல்கிறது. இங்கே நாறவில்லை. பச்சையாக, அழகாக, வீணாகப் போயிருந்தது. அந்த அழகு எனக்கு இன்னும் அதிகமாக ஆத்திரமூட்டியது. அந்த வேலிக்கு இந்தப் பக்கம், சாலையோரத்தில், நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். அவர்களும் அந்தப் பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கிறிஸ்துமஸுக்கு என்று பேசினார்கள். பாட்டியானவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஈஸ்டருக்கு என்றார்கள். அதுவும் தள்ளிப்போனது. பொருத்தனை தீராமல் அந்தப் பீடத்தின் முன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகமாட்டேன் என்கிறாள். மகளும் மருமகனும் அவளைத் திட்டுகிறார்கள். ஆயர் ஜெபிக்கிறார். போன மாதம் மாமல்லபுரத்தில், ஓட்டல் வேலை முடிந்து வந்தவளைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். கையில் சோப்பு நீர் உலர்ந்த வெள்ளைத் தடம். நான் வாயைத் திறப்பதற்குமுன் அவளே கேட்டாள்.

"கேட்டியாண்ணா?"

தின்றார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் குழந்தைக்கு அடுத்த ஞாயிறே ஞானஸ்நானம் நடக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பொய்ப் புகாரால் தொடங்கியதைப் பொய்ச் சாட்சியால் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு வர வேண்டியது உண்மை, அதைக் கொடுக்க வேண்டியவர் ஒருவர். அவரிடம் நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பஸ் வந்தது. இன்னும் தெரியவில்லை என்றேன். சரி என்று ஏறிப் போனாள்.

ஆகவே சபை வரலாற்றில், அந்த ஆண்டு அறுப்பின் பண்டிகைப் பக்கத்தில், இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: தப்புக்காய் ஒரு முறம் வந்தது, பீடத்திலிருந்து இறக்கப்பட்டது, அவிக்கப்பட்டது, பந்தியில் எல்லார் இலையிலும் வைக்கப்பட்டது, சபையார் தின்றார்கள். நிலத்துச் சொந்தக்காரர் தின்றாரா என்பது இன்றைய தேதிவரை உறுதிப்படவில்லை.